விம்மல் நிஜம், வியாபாரம் புரட்டு

சில வருஷ காலமாக "பைனாரல் பீட்ஸ்" என்கின்ற ஒரு பெயர் பட்டணங்களில் மாத்திரமல்லாமல், கைபோன் போய்ச் சேர்ந்திருக்கின்ற பட்டிக்காடுகளிலும் கூட அடிபட்டுக்கொண்டு வருகின்றது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருவித ரீங்கார ஓசையை அரை மணி நேரம் கேட்டால் போதுமாம். தூக்கம் வராதவனுக்குத் தூக்கம் வருமாம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு ஞாபக சக்தி பெருகுமாம். மூட்டு வலி போகுமாம். குடிகாரன் குடியை மறப்பானாம். இதோடு நின்றாலும் பரவாயில்லை. ஏழு சக்கரமும் சுழன்று மூன்றாவது கண் திறக்குமாம். போன ஜன்மத்து வினை கரையுமாம். கடன் தீர்ந்து வீட்டில் பணம் குவியுமாம். இத்தனையும் முதல் மூன்று நாள் இலவசம், நான்காம் நாளிலிருந்து மாதச் சந்தா.

இதற்கு முன் தாயத்துக் கட்டினவனும், தகட்டில் எழுத்துக் கீறிப் புதைத்தவனும், விபூதி மந்திரித்துக் கொடுத்தவனும் சொன்ன பலன்களின் ஜாப்தாவை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றாவது குறைந்திருக்கின்றதா? சரக்கு அதேதான், மேலே ஒட்டியிருக்கிற சீட்டில் மாத்திரம் "ஹெர்ட்ஸ்", "ஆல்பா", "தீட்டா" என்று எழுதியிருக்கின்றது. இதில் நமக்குள்ள பெரிய கவலை என்னவென்றால், தாயத்தைக் கண்டால் சிரிக்கின்ற நமது படித்த வாலிபர்களே இந்தச் சீட்டைக் கண்டவுடன் கைகட்டி நிற்கின்றார்கள் என்பதுதான். "விஞ்ஞானம் ஐயா, மூளை அலை ஐயா" என்று நம்மிடமே வந்து உபதேசம் செய்கின்றார்கள்.

ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்க வேண்டியிருக்கின்றது. ஏனென்றால் இது அடியோடு பொய்யான சங்கதி அல்ல. ஓசை நிஜம். அது உண்டாகிற விதம் நிஜம். ஹெட்போன் வேண்டும் என்பதும் நிஜம். இந்த மூன்று நிஜங்களையும் முன்னால் காட்டி, பின்னால் முப்பது பொய்களை மூட்டை கட்டி விற்கின்றார்கள். நிஜம் எந்த இடத்தில் முடிகின்றது என்று தெரிந்துகொண்டால், மூட்டையை அவிழ்க்க வேறொருவர் தயவு நமக்கு வேண்டியதில்லை.

முதலில் விம்மல் என்றால் என்னவென்று பார்ப்போம். ஒரு தந்தியை மீட்டினால் அது ஆடுகின்றது. அந்த ஆட்டம் காற்றை ஆட்டுகின்றது. காற்று நம் காதின் சவ்வை ஆட்டுகின்றது. ஒரு செகண்டில் 200 தடவை ஆடினால் அதை 200 ஹெர்ட்ஸ் என்கின்றார்கள். ஹெர்ட்ஸ் என்பது ஏதோ மந்திரச் சொல் என்று எண்ணிவிடாதீர்கள். அது 1857-ல் பிறந்து 1894-ல் இறந்துபோன ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்கிற ஜெர்மன் விஞ்ஞானியின் பெயர். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரையில் கேட்கும். 20-க்குக் கீழே போனால் அதைச் சுருதியாக நம்மால் கேட்க முடியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்பொழுது ஏறக்குறைய ஒரே சுருதியுள்ள இரண்டு ஒலிகள் ஒன்றாகக் கிளம்பினால் என்ன நடக்கும்? இரண்டு தச்சர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்து ஆணி அடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் நிமிஷத்துக்கு 60 அடி அடிக்கின்றார். மற்றவர் 61 அடி அடிக்கின்றார். இருவர் அடியும் ஒரு சமயத்தில் சேர்ந்து "டங்" என்று பலமாக விழும்; பிறகு கொஞ்சங் கொஞ்சமாக விலகி, ஒருவர் அடிக்கும்போது மற்றவர் கை மேலே இருக்கும்; மறுபடியும் நெருங்கி ஒன்று சேரும். நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சேர்க்கை நடக்கும். ஒலியும் இப்படித்தான். 200 ஹெர்ட்ஸும் 210 ஹெர்ட்ஸும் காற்றில் கலந்தால், செகண்டுக்குப் பத்துத் தடவை ஓசை பெருத்தும் சிறுத்தும் "வம் வம் வம்" என்று கேட்கும். இதற்குத் தமிழில் விம்மல் என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தில் இருக்கிற சொல்தான். இது புதிய ரகசியமும் அல்ல. தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவர் இரண்டு தந்திகளை மீட்டி, விம்மல் வேகமாக இருந்தால் சுருதி தூரத்தில் இருக்கின்றது என்றும், மெதுவானால் நெருங்குகிறது என்றும், நின்றுவிட்டால் சேர்ந்துவிட்டது என்றும் காதாலேயே அறிந்துகொள்ளுகின்றார். அவருக்கு மூன்றாவது கண் திறந்ததாக இதுவரை நாம் கேள்விப்படவில்லை.

இது காற்றில் கலக்கும் விம்மல். பைனாரல் என்பது வேறு. ஒரு ஒலியை இடக் காதுக்கு மாத்திரமும், மற்றொன்றை வலக் காதுக்கு மாத்திரமும், ஒன்றோடொன்று காற்றில் கலக்காதபடி தனித்தனியே கொடுத்தால், அப்போதும் விம்மல் கேட்குமா? நியாயமாகப் பார்த்தால் கேட்கக்கூடாது. இடக் காதில் 200 ஒரே சீராகப் போகின்றது. வலக் காதில் 210 ஒரே சீராகப் போகின்றது. இரண்டிலும் ஏற்ற இறக்கம் கிடையாது. ஆனாலும் கேட்கின்றது! 1839-ல் பெர்லினைச் சேர்ந்த ஹைன்ரிக் வில்ஹெல்ம் டோவே என்பவர் இதைக் கண்டார். 1877-ல் இங்கிலாந்தில் ஸில்வானஸ் தாம்ஸன் என்பவர் இசைக்கவைகளின் ஒலியை ரப்பர் குழாய்களின் மூலம் ஒவ்வொரு காதுக்கும் தனியாக அனுப்பிப் பரிசோதித்து அதையே கண்டார். அந்தக் காலத்தில் ஹெட்போன் ஏது? இரண்டு ரப்பர் குழாய்களே போதுமானதாக இருந்தன.

கண்டவுடன் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். "ஆஹா, ஆத்மா பேசுகின்றது" என்று சந்தா வசூலிக்கப் புறப்படவில்லை. "இது நிஜமாகவே மூளையில் உண்டாவதுதானா, அல்லது ஒரு காதின் ஒலி மண்டை எலும்பு வழியாகக் கசிந்து மறு காதின் ஒலியோடு கலந்துவிடுகின்றதா?" என்று சந்தேகம் கிளப்பினார்கள். இந்தச் சந்தேகம் பல பத்து வருஷங்கள் நடந்தது. கடைசியில் நரம்பையே நேராக ஆராய்ந்துதான் விடை கண்டார்கள். 1968-ல் வெர்னிக், ஸ்டார் என்ற இருவர் பூனையின் மூளைத் தண்டில், இரண்டு காதுகளின் நரம்புகளும் முதன்முதலாகச் சந்திக்கின்ற இடத்தில், மின் கருவியை வைத்துப் பார்த்தபொழுது விம்மலின் துடிப்பு அங்கே தெரிந்தது. அந்த இடத்துக்கு "சுப்பீரியர் ஆலிவ்" என்று பெயர்.

அந்த இடத்துக்கு அங்கே என்ன உத்தியோகம்? இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. வியாபாரிகள் வாயே திறக்காத இடமும் இதுதான்.

ரோட்டில் போகும்போது பின்னால் மோட்டார் வருகின்றது. திரும்பிப் பாராமலே அது இடப்பக்கம் வருகின்றதா, வலப்பக்கம் வருகின்றதா என்று தெரிந்து ஒதுங்குகின்றோம். எப்படி? ஒலி செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் தூரம் போகின்றது. வலப்பக்கத்து ஒலி வலக் காதை முதலிலும், தலையைச் சுற்றிக்கொண்டு இடக் காதைச் சற்றுப் பிந்தியும் அடைகின்றது. இந்தத் தாமதம் எவ்வளவு பெரிய தலையானாலும் ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. நன்றாகக் காது கேட்கிறவர்கள் செகண்டில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வித்தியாசத்தைக் கூட, அதுவும் தங்களுக்கே தெரியாமல், கண்டுகொள்ளுகின்றார்கள். காதின் நரம்புகள் ஒலியின் ஆட்டத்துக்குத் தாளம் தவறாமல் துடிக்கின்றன. இரண்டு பக்கத்துத் தாளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது முந்தினது, எது பிந்தினது என்று கணக்குப் போடுகின்ற குமாஸ்தாதான் மேலே சொன்ன இடம்.

இந்தக் குமாஸ்தாவுக்கு 200-ஐ ஒரு காதிலும் 210-ஐ மறு காதிலும் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு சமயம் இடது முந்துகின்றது; மறு சமயம் வலது முந்துகின்றது; செகண்டுக்குப் பத்துத் தடவை கணக்கு மாறிக்கொண்டே இருக்கின்றது. இயற்கையில் எந்த மோட்டாரும், எந்த மாடும் செகண்டுக்குப் பத்துத் தடவை இடமும் வலமும் தாவுவதில்லை. ஆகையால் குமாஸ்தா தடுமாறுகின்றான். அந்தத் தடுமாற்றந்தான் நமக்கு ஒரு நடுக்கமாக, விம்மலாகக் கேட்கின்றது. வித்தியாசத்தை செகண்டுக்கு ஒன்று என்று குறைத்துப் பாருங்கள். ஓசை தலைக்குள்ளேயே இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மெதுவாக நடந்து போவது போலத் தோன்றும். அன்றியும், ஒலி சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால், நரம்பின் தாளத்தை ஒப்பிடுவது கஷ்டமாகி விம்மல் மங்கி மறைந்துவிடுகின்றது. இரண்டு ஒலிகளுக்கும் வித்தியாசம் 30-க்கு மேலே போனால் விம்மல் போய் இரண்டு தனி ஒலிகளாகவே கேட்கின்றன. திசை அறிவதற்காக ஏற்பட்ட ஒரு கருவியை ஏமாற்றினால் உண்டாகின்ற தடுமாற்றம் இது என்று தெரிந்துகொண்ட பிறகு, இதில் தெய்வீகத்துக்கு எந்த மூலையில் இடம் இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

நிற்க, ஹெட்போன் சங்கதிக்கு வருவோம். இவ்வளவும் நடப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. இடத்து ஒலி இடக் காதுக்கு மாத்திரமே போகவேண்டும். வலத்து ஒலி வலக் காதுக்கு மாத்திரமே போகவேண்டும். ஒலிபெருக்கியில் வைத்தால் இரண்டும் காற்றிலேயே கலந்து, தம்புராவில் கேட்கிற சாதாரண விம்மலாகிவிடும். கைபோனை மேஜைமேல் வைத்துக் கேட்டாலும் அப்படியே. ஸ்டீரியோ என்பது இரண்டு தனித்தனி வாய்க்கால். மோனோ என்பது இரண்டையும் ஒரே வாய்க்காலில் விடுவது. கைபோனில் ஒரு காது கேளாதவர்களின் சௌகரியத்துக்காக "மோனோ" என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றார்கள். அது திறந்திருந்தால் எவ்வளவு உயர்ந்த ஹெட்போனாயிருந்தாலும் இரண்டு காதிலும் கலந்த ஒலிதான் விழும். கன்னத்து எலும்பில் ஒட்டிக்கொண்டு எலும்பு வழியாகக் கேட்கிற கருவியும் இதற்கு உதவாது. மண்டை எலும்பு இடம் வலம் பார்க்காமல் இரண்டு பக்கமும் ஒலியைக் கொண்டுபோய்விடும். ஒரு காதில் மாத்திரம் மாட்டிக்கொண்டு மற்றொரு காதால் வீட்டில் கூப்பிடுவதைக் கேட்கிறவர்களுக்கு ஒரே சீரான ஓசை ஒன்று கேட்கும், வேறொன்றும் கேட்காது.

இதிலிருந்து யாரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு பரீட்சை கிடைக்கின்றது. "பைனாரல்" என்று விற்கிற பதிவை ஹெட்போனில் கேளுங்கள். விம்மல் கேட்கும்போதே ஒரு பக்கத்தை எடுத்துவிடுங்கள். விம்மல் உடனே நின்றுவிட்டால் அது நிஜமான பைனாரல். ஒற்றைக் காதிலும் விம்மல் தொடர்ந்தால், அதை முன்னாலேயே கலந்து வைத்திருக்கின்றான் என்று அர்த்தம்; விற்கிறவனுக்கே தான் விற்கிற சரக்கு இன்னதென்று தெரியவில்லை என்றும் அர்த்தம். இதற்கு ஐயாயிரம் ரூபாய் ஹெட்போன் வேண்டும் என்பதும் பொய். இடம் வலம் பிரிந்த, பெட்டிக்கடையில் விற்கிற மலிவான கம்பி ஹெட்போனே தாராளமாகப் போதும்.

ஹெட்போன் என்பது பௌதிகத்தின் நிபந்தனையாக இருக்க, அதை இவர்கள் எப்படி உபயோகிக்கின்றார்கள் பாருங்கள். பலன் கிடைக்கவில்லை என்று சந்தா கட்டினவன் கேட்டால், "ஹெட்போன் சரியில்லை, முதுகு நேராக இல்லை, நம்பிக்கை போதவில்லை, இருபத்தொரு நாள் விடாமல் கேட்கவில்லை" என்கின்றார்கள். இந்தப் பதிலை நாம் எங்கேயோ கேட்டிருக்கின்றோம் அல்லவா? மந்திரம் பலிக்காவிட்டால் உச்சரிப்பில் தோஷம். யாகம் பலிக்காவிட்டால் நெய்யில் தோஷம். பரிகாரம் பலிக்காவிட்டால் செய்தவன் மனதில் தோஷம். எந்தக் காலத்திலும் சொன்னவன் பேரில் தோஷம் என்பதே கிடையாது!

இனி மூளை அலைக்கு வருவோம். 1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்கிற டாக்டர் மனிதன் தலையில் மின்கம்பிகளை வைத்து மூளையின் மின் துடிப்பை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-ல் வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது செகண்டுக்கு 8 முதல் 13 வரையில் ஒரு துடிப்பு தெரிகின்றது. அதற்கு ஆல்பா என்று பெயர். ஆழ்ந்த தூக்கத்தில் 4-க்குக் கீழ்ப்பட்ட மெதுவான துடிப்பு மிகுந்திருக்கின்றது, அது டெல்டா. இரண்டுக்கும் நடுவில் உள்ளது தீட்டா. இது நிஜம். இதை வைத்துக்கொண்டு வியாபாரிகள் சொல்லுவதாவது: "10 ஹெர்ட்ஸைக் காதால் கேட்க முடியாது. ஆகவே 200-ம் 210-ம் கொடுத்து மூளைக்குள்ளேயே 10-ஐ உண்டாக்குகின்றோம். மூளை அதன் பின்னால் போகும். 10 வந்தால் அமைதி வந்துவிடும்."

முதல் இரண்டு வாக்கியங்கள் சரி. மூன்றாவது வாக்கியம் ஆராய வேண்டியது. நான்காவது வாக்கியம் வெறுந் தாவல். தூங்குகிறவன் குறட்டை விடுகின்றான் என்பதனால், தூங்காதவன் பக்கத்தில் போய்க் குறட்டைச் சத்தம் போட்டால் அவன் தூங்கிவிடுவானா? ஒரு நிலைமையின் அடையாளத்தை உண்டாக்கினால் அந்த நிலைமையே உண்டாகிவிடும் என்பது, மழை பெய்தால் தவளை கத்துகின்றது, ஆகையால் தவளைக்குக் கல்யாணம் செய்துவைத்தால் மழை பெய்யும் என்கிற நியாயமேயாகும்.

ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள்? நமக்குச் சாதகமானதை மாத்திரம் எடுத்துச் சொல்லுவது நமது வழக்கமல்ல ஆகையால், இரண்டு பக்கத்தையும் சொல்லுகின்றோம். 2005-ல் இங்கிலாந்தில் ஆபரேஷனுக்குக் காத்திருந்த நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். விம்மல் கலந்த இசையைக் கேட்டவர்களுக்குப் பயம் 26.3 சதவிகிதம் குறைந்தது. விம்மல் இல்லாமல் அதே மாதிரி இசையைக் கேட்டவர்களுக்கு 11.1 சதவிகிதம்; ஒன்றும் கேளாதவர்களுக்கு 3.8 சதவிகிதம். இது ஒழுங்காகச் செய்த பரீட்சை. மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. 2019-ல் 22 ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், ஞாபகம், கவலை, வலி ஆகியவற்றில் நடுத்தரமான பலன் தெரிவதாகச் சொன்னார்கள்.

மறு பக்கத்தையும் கேளுங்கள். மூளைத் துடிப்பு விம்மலின் பின்னால் போகின்றதா என்கிற ஒரே கேள்விக்காக 14 ஆராய்ச்சிகளை எடுத்து 2023-ல் பரிசீலித்தார்கள். 5 ஆம் என்றன. 8 இல்லை என்றன. ஒன்று இரண்டுங்கெட்டானாக நின்றது. அதே 2023-ல் 1000 பேரைக் கொண்டு, அவரவர் வீட்டிலேயே கேட்கும்படி செய்து அறிவுக் கூர்மையைப் பரிசோதித்தபொழுது, விம்மல் கேட்டவர்கள் முன்னேறுவதற்குப் பதிலாகப் பின்னுக்குப் போனதாகத் தெரிந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை காதில் இதை மாட்டிவிடுகின்ற தாய் தகப்பன்மார் இந்த ஒரு சங்கதியையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ருசிகரமானது 2020-ல் கனடாவில் நடந்த ஆராய்ச்சி. இரு செவி விம்மலையும், காற்றிலே கலக்கிற சாதாரண விம்மலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூளைத் துடிப்பு இரண்டின் பின்னாலும் ஓரளவு போகத்தான் செய்தது. ஆனால் சாதாரண விம்மலின் பின்னால்தான் அதிகமாகப் போனது! மனநிலையோ இரண்டினாலும் மாறவில்லை. அதாவது, "மூளை அலையை இழுப்பதுதான் எங்கள் வித்தை" என்கிற வியாபாரியின் சொந்த வாதப்படியே பார்த்தாலும், ஹெட்போனைத் தூக்கி எறிந்துவிட்டு ஒலிபெருக்கியில் கேட்பதே மேல் என்று ஆகின்றது. தம்புராக்காரர் சந்தா இல்லாமலே கொடுத்துவிடுவார்.

இந்த வியாபாரம் எங்கே பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். 1973 அக்டோபரில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜெரால்டு ஆஸ்டர் என்கிற விஞ்ஞானி "ஸயண்டிபிக் அமெரிக்கன்" பத்திரிகையில் இந்த விம்மலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதையும் மூளையையும் ஆராய்வதற்கு இது நல்ல கருவியாகும் என்பது அவர் எண்ணம். அதே சமயத்தில் வர்ஜீனியாவில் ராபர்ட் மன்ரோ என்கிற ரேடியோ வியாபாரி, தாம் உடம்பை விட்டு வெளியே போய்ச் சுற்றி வருவதாக 1971-ல் புத்தகம் எழுதியவர், ஓசையால் தூக்கத்தை உண்டாக்கும் முறைக்கு 1975-ல் பேடண்டு வாங்கிக்கொண்டு ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார். இவருடைய "கேட்வே" முறையைப் பற்றி 1983-ல் அமெரிக்க ராணுவத்தின் லெப்டினெண்ட் கர்னல் ஒருவர் எழுதிய அறிக்கையை 2003-ல் சி.ஐ.ஏ. வெளியே விட்டது. அன்று முதல் "அமெரிக்க ராணுவமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று ஒரே ஆர்ப்பாட்டம். அந்த அறிக்கையில் பரிசோதனை எதுவும் இல்லை. பிரபஞ்சம், உணர்வு என்று வேதாந்தந்தான் நீளுகின்றது. இதே கூட்டத்து நம்பிக்கையை வைத்துக்கொண்டு மனோசக்தியால் ஒற்று அறிவதற்கு நடத்திவந்த திட்டத்தை, உளவுக்கு ஒரு காசு பிரயோஜனமில்லை என்று கண்டு 1995-ல் அவர்களே இழுத்து மூடினார்கள். இந்தப் பின்பாதியை நமது உபதேசிகள் சொல்லமாட்டார்கள்.

மற்றொரு பக்கம், 2010-ல் அமெரிக்காவில் ஒக்லஹோமா மாகாணத்துப் போதைத் தடுப்பு அதிகாரிகள், பிள்ளைகள் இந்த ஓசையைக் கேட்டு "டிஜிட்டல் போதை" ஏற்றிக்கொள்ளுகின்றார்கள் என்று எச்சரிக்கை விட்டார்கள். ஓசையால் மோட்சம் வரும் என்பவனும், ஓசையால் கஞ்சா மயக்கம் வரும் என்று பயப்படுகின்றவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான்.

பைனாரலோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு சரக்கு 528 ஹெர்ட்ஸ். இது இரு செவி விம்மலே அல்ல, ஒற்றை ஒலி. ஹெட்போனுக்கு அவசியமே இல்லை. இது உடம்பின் அணுவையே பழுது பார்க்கும் எண் என்கின்றார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது? 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு புத்தகத்தில், பைபிளின் எண்ணாகமத்திலுள்ள வசன எண்களைக் கூட்டிக் கழித்து எடுத்தது. அதை இங்கே யாராவது சித்தர் கண்ட எண் என்று சொல்லி விற்றால் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அது எப்படியாவது போகட்டும். ஹெர்ட்ஸ் என்பது ஒரு செகண்டுக்கு இத்தனை ஆட்டம் என்பது அல்லவா? செகண்டு என்பது யார் செய்தது? ஒரு நாளை 24 மணியாகவும், மணியை 60 நிமிஷமாகவும், நிமிஷத்தை 60-ஆகவும் மனிதன் தன் சௌகரியத்துக்கு வெட்டிக்கொண்டது. நம் பாட்டன்மார் நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாடியாகவும் வெட்டினார்கள். அந்த விநாடி இன்றைய 24 செகண்டு. அந்தக் கணக்கில் இதே ஒலி 12,672 ஆகும். எண்ணில் மகிமை இருந்தால், எந்த எண்ணில் இருக்கின்றது? கடிகாரத்தை மாற்றினால் மகிமையும் மாறிவிடுமா?

"சரி ஐயா, கேட்டால் என்ன நஷ்டம்? மனதுக்கு இதமாக இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று சில தோழர்கள் சொல்லலாம். இதமாக இருக்கின்றது என்று கேட்பவனோடு நமக்கு வழக்கே இல்லை. நாதஸ்வரத்தைக் கேட்கின்றோம், மழைச் சத்தத்தைக் கேட்கின்றோம், இதையும் கேட்கட்டும். வழக்கெல்லாம் வைத்தியம் என்று சொல்லி விற்பவனோடுதான். தூக்கமில்லாமல் தவிக்கின்ற ஒருவனுக்கு அது மன நோயாக இருக்கலாம். கழுத்துச் சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொண்டு விழிக்கின்ற வியாதியாக இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்டலாம். அவன் ஆறு மாதம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "இன்னும் பழக்கம் போதவில்லை" என்று தன்னையே நொந்துகொண்டிருந்தால், அந்த ஆறு மாதத்தை எந்தச் சந்தாக்காரன் திருப்பிக் கொடுப்பான்? வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகின்ற ஒரு பெண்பிள்ளையின் வீட்டார், "இயற்கை முறை" என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் அது உயிருக்கே வந்துவிடும். காதுக்கும் கணக்கு உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரமும், 90 டெசிபலானால் வாரத்துக்கு 4 மணி நேரமும்தான் பத்திரமாகக் கேட்கலாம். இரவு முழுதும் மாட்டிக்கொண்டு தூங்கு என்கின்றான். தினம் எட்டு மணி வீதம் வாரத்துக்கு 56 மணி ஆகின்றதே, சத்தத்தைக் குறைத்து வை என்று எத்தனை பேர் சொல்லுகின்றார்கள்?

வாதம் போதும், கைகண்டு பார்ப்பதற்கு ஒரு வழி சொல்லுகின்றோம். ஊர்ப் படிப்பகத்தில் இருபது தோழர்கள் கூடுங்கள். மழைச் சத்தத்தில் இரண்டு பதிவுகள் தயார் செய்யுங்கள். ஒன்றில் விம்மலை மெதுவாக அடியில் ஒளித்து வையுங்கள், மற்றொன்றில் விம்மலே வேண்டாம். எது எது என்பது தயார் செய்தவர் ஒருவருக்கு மாத்திரம் தெரியட்டும். சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேருக்கு ஒன்றும், பத்துப் பேருக்கு மற்றொன்றும் கொடுத்து, இரண்டு வாரம் தினந்தோறும் எப்பொழுது தூங்கினார்கள், எத்தனை தடவை விழித்தார்கள் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு வாரம் பதிவுகளை மாற்றிக் கொடுங்கள். பிறகு நோட்டுகளை வெளி ஆள் ஒருவரிடம் கொடுத்து எண்ணச் சொல்லி, அதற்கப்புறமே எது எதுவென்ற ரகசியத்தை உடைக்க வேண்டும். இருபது பேரைக் கொண்டு உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சந்தா கட்டுவதா வேண்டாமா என்று அந்த ஊருக்குத் தீர்மானித்துக்கொள்ள அது போதும்.

மூன்றாவது கண்ணைத் திறந்து காட்டுகிற வியாபாரிகளில் எவராவது இந்தப் பரீட்சைக்கு வருவதானால் தாராளமாக வரட்டும். ஹெட்போன்களை நாமே வாங்கி வைக்கின்றோம். இடம் வலம் சரியாயிருக்கின்றதா என்று அவரே மாட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். சீட்டுக் குலுக்குவதற்கு மாத்திரம் அவரை விடமாட்டோம்.